எல்லைச் சாவடியில் ஓர் உலை

அறுபதுகளில் அரிசித் தட்டுப்பாடு. ஒரு ஜில்லாவிலிருந்து இன்னொரு ஜில்லாவுக்கு அரிசி கொண்டுபோகத் தடை இருந்தது. நாங்கள் இருந்த செஞ்சி தென்னாற்காடு. தங்கையைக் கொடுத்த சீயமங்கலமோ வடாற்காடு.

அவள் புருஷன் திடீரென்று செத்துப்போனான். சாவு வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். பிறந்த வீட்டார்தான் ஆக்கிப்போட வேண்டும். கூடை அரிசியும் அண்டாவுமாக மாட்டு வண்டியில் கிளம்பினேன். எல்லைச் சாவடியில் போலீஸ்காரர் ஒருவர் வண்டியை நிறுத்தினார்.

"அரிசி தாண்டக் கூடாதும்மா."

"சாவு வீடு சார். பசங்க நேத்துலேர்ந்து பட்டினி."

அவர் வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். மேற்கொண்டு கெஞ்ச எனக்குத் தெம்பில்லை. அழுது ஓய்ந்த உடம்பு, சாலையோரமே உட்கார்ந்துவிட்டேன்.

வெகுநேரம் கழித்து அவரே வந்தார்.

"அரிசியத்தான் உடக் கூடாதுன்னு உத்தரவு. சோத்துக்கு இன்னா உத்தரவு இருக்குது? இங்கியே ஆக்கி எடுத்துக்கினு போ."

சாவடிக்குப் பின்னால், தன் சமையலுக்கு வைத்திருந்த கல்லடுப்பைக் காட்டினார். தண்ணீரும் விறகும் அவரே கொண்டுவந்து கொடுத்தார். வடித்த சோறு ஆவி பறக்க எல்லையைத் தாண்டியது.

இன்றைக்கு ஜில்லாக்களைப் பிரித்துப் பிரித்துப் புதுப் பெயர் வைக்கிறார்கள். எந்த வரைபடத்தைப் பார்த்தாலும், எனக்கு அந்தக் கோட்டின்மேல் கொஞ்சம் அடுப்புப் புகை தெரிகிறது.