படகைக் கேட்டேன், அப்பாவைக் கொடுத்தார்

திருபுவனையில் நான் வேலை செய்யும் பைபர் கம்பெனியில், தண்ணீர்த் தொட்டி ஒன்றுக்கு ரோலர் ஓட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு அக்கா விரிசல் விட்ட பழைய தொட்டிக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். விரிசலைத் தேய்த்து அகலமாக்கி, மேட் என்கிற கண்ணாடி நார் விரிப்பை வைத்து, மேலே ரெசின் என்கிற பசையைத் தடவினார். அவ்வளவுதான். அது இறுகிய பிறகு தட்டிப் பார்த்தார். டங்கென்று கெட்டியான சத்தம்.

என் கை அப்படியே நின்றுவிட்டது. எங்கள் படகும் இதே பைபர்தானே!

"மாதாவே, இது ஏன் எனக்கு இத்தனை நாளாத் தோணல?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

"இன்னாடி, தனியாப் பேசுற?" என்றார் அக்கா.

நடந்ததைச் சொல்கிறேன். என் அம்மா வில்லியனூர் பக்கத்துப் பங்கில் வளர்ந்த கத்தோலிக்கர். அப்பா பாகூர் பக்கம் ஒரு கடற்கரைக் குப்பத்து மீனவர், அவருக்கு அம்மன்தான் தெய்வம். போன மாசி மாதம், தவக்காலம் தொடங்கிய வாரம், அப்பா கடலிலிருந்து தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். கரைக்குக் கிட்டே வந்ததும் இன்ஜின் நின்றது. ஒரு பெரிய அலை படகைத் தூக்கி, கடல் அரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவாகக் கொட்டியிருக்கும் கற்கள் மேல் அடித்தது. படகின் அடியில் ஒரு கை நீளத்துக்குப் பிளவு. அப்பாவுக்குத் தோளில் அடி. பக்கத்துப் படகுக்காரர்கள் தூக்கி வந்தார்கள்.

தோள் இரண்டு வாரத்தில் ஆறிவிட்டது. மனசு ஆறவில்லை. எந்நேரமும் யாரையாவது கிண்டல் செய்துகொண்டே இருக்கும் மனிதர், பேச்சையே விட்டுவிட்டார். கடல் இருக்கும் திசையைப் பார்த்துக்கூட உட்காருவதில்லை. ஒருநாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது மெதுவாகச் சொன்னார்.

"பாப்பா, உங்க கம்பெனியில வாச்மேன் வேலை இருந்தா கேட்டுப் பாரு."

பஸ்ஸில் முழு வழியும் அழுதேன்.

அன்றிலிருந்து வில்லியனூரில் பஸ் மாறும்போதெல்லாம் மாதா கோவிலுக்குள் ஓடுவேன். முழங்கால் போட்டு ஒரே மன்றாட்டு: படகு சரியாகணும், சீக்கிரம் ஆகணும். பாலிடெக்னிக் படித்த புள்ளை நான், எனக்குப் பொறுமை என்பதே கிடையாது. வானகத்துக்கே கெடு வைத்தேன். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் முடியணும் என்றேன்! மாதா சிரித்திருப்பார்.

அந்த மதியம் தொட்டியைப் பார்த்துத் தோன்றியதை நான் மாதா தந்த பதிலாகவே எடுத்துக்கொண்டேன். வேண்டிய சாமான்களோடு வீட்டுக்கு வந்து, "அப்பா, படகை நானே சரி பண்ணப்போறேன்" என்றேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பண்ணிக்கோ" என்றார்.

குப்பத்து ஆட்கள் எட்டுப் பேர் வந்து படகைக் கவிழ்த்துக் கொடுத்தார்கள். பிளவைத் தேய்த்தேன், நல்ல தண்ணீரில் உப்பை எல்லாம் கழுவினேன், இரண்டு நாள் காயவிட்டேன். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும், உச்சி வெயில் என்றும் பாராமல் மணலில் உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் மக்கில் ரெசின் கலந்தேன். கம்பெனியில் கூரைக்கடியில் போடும் அதே அளவு கேட்டலிஸ்டைப் போட்டேன். அதுதான் ரெசினை இறுக வைக்கும் மருந்து. வெயிலுக்கு அதைக் குறைக்கணும் என்று படித்திருக்கிறேன். ஆனால் அவசரம் யாரை விட்டது?

மேட்டை எடுத்து வைப்பதற்குள் மக் கையைச் சுட்டது. புகை வந்தது. பயந்து மணலில் வைத்தேன். கண்ணெதிரே அத்தனையும் கட்டியாகிவிட்டது. உள்ளே விட்ட பிரஷ் கொடிக்கம்பம் மாதிரி நட்டுக்கொண்டு நின்றது.

நிழலில் உட்கார்ந்திருந்த அப்பா எழுந்து வந்தார். மக்கைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னா பாப்பா, கேசரியா? ஸ்பூனெல்லாம் வச்சி ரெடியாக் குடுக்குறியே!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார். மாசிக்குப் பிறகு அந்தச் சத்தத்தை அன்றைக்குத்தான் கேட்டேன். அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தார். நானும் சிரித்தேன், பிறகு அங்கேயே மணலில் உட்கார்ந்து அழுதேன். அப்பா என் தலையில் கை வைத்தார்.

"வெயில்ல இன்னாடி அவசரம்? நாலு மணிக்குக் கடக்காத்து வரும். மணல் ஆறும். அப்ப பண்ணலாம்."

'பண்ணலாம்' என்றார். கவனித்தீர்களா? அந்த ஒரு வார்த்தையைத்தான் நான் சாட்சியாகச் சொல்ல வந்தேன். நான் கெட்டிக்காரத்தனமாக எல்லாம் சரியாகச் செய்திருந்தால் அவர் அந்த நிழலிலேயே உட்கார்ந்திருப்பார். என் தப்பின் வழியாகத்தான் ஆண்டவர் அவரை எழுப்பினார்.

சாயங்காலம் அவரே தார்ப்பாய் கட்டி நிழல் போட்டார். மருந்தைப் பாதியாகக் குறைத்தேன். அந்த வழியாக வந்த ராசு சித்தப்பா, "என்னாண்ணே, பொண்ணை உட்டுப் படகு மேல கை வைக்கச் சொல்லியிருக்க?" என்றார். எங்கள் குப்பத்தில் பெண்கள் படகில் ஏறும் வழக்கம் இல்லை.

அப்பா விடவில்லை. "கவுந்து கெடந்தா அது படகு இல்லடா, கூரை! எங்கூட்டுக் கூரையை எம்பொண்ணு மேயுறா. உனக்கு இன்னா?"

சித்தப்பாவே சிரித்துவிட்டு, தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்துக் கட்டினார்.

வெளிப்பக்கம் முடிந்தது. உள்பக்கமும் ஒட்ட வேண்டுமே. நிமிர்த்தினால் அது மறுபடி படகு, நான் ஏறக் கூடாது. அந்தக் கட்டுப்பாட்டில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அன்று வேறு வழியில்லாமல் அப்பாவே உள்ளே இறங்க வேண்டியதாயிற்று. விபத்துக்குப் பிறகு அவர் அதில் கால் வைப்பது அதுவே முதல் தடவை. விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏறினார். நான் வெளியே நின்று, "அந்த வெள்ளைப் புள்ளி காத்துப்பா, ரோலரை அழுத்து" என்று சொல்லச் சொல்ல, அவர் ஒவ்வொரு குமிழியாக வெளியே தள்ளினார். "மேஸ்திரி ரொம்ப வேலை வாங்குறாப்பா" என்று அம்மாவிடம் புகார் வேறு.

அப்புறம் இன்ஜினை மெக்கானிக்கிடம் காட்டி, அதை மாட்டும் பின்பலகைக்குப் புது போல்ட் போட்டு, பெயின்ட் அடித்து, தண்ணீரில் தள்ளினோம். நான் கெடு வைத்த ஞாயிறு போய் இன்னும் மூன்று ஞாயிறும் போயிருந்தது.

கயிற்றைப் பிடித்தபடி இடுப்பளவுத் தண்ணீரில் அப்பா நின்றுவிட்டார். கற்களையே பார்த்தார். திரும்பி என்னைக் கூப்பிட்டார்.

"நீ மாதாகிட்ட சொல்லு. நான் அம்மன்கிட்ட சொல்லிட்டேன். ரெண்டு பேரும் பேசிக்கட்டும்."

நானும் அம்மாவும் கரையில் ஜெபமாலை சொன்னோம். படகு கற்களைத் தாண்டியது. அம்மா கண்ணையே திறக்கவில்லை. மாலையின் ஐம்பத்து மூன்று மணிகளையும் மூன்று தடவை முடித்து, திரும்ப ஆரம்பித்துப் பாதியில் இருக்கும்போது, அதே வழியில் அப்பா திரும்பி வந்தார். கொஞ்சம் காரப்பொடி மீன், நாலு நண்டு. "ஒரு சொட்டு ஏறல, பாப்பா" என்றார்.

இப்போது தினமும் போகிறார். வாச்மேன் பேச்சே இல்லை. நானும் கெடு வைத்துச் செபிப்பதை விட்டுவிட்டேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் பேச்சை நிறுத்திவிட்டு மூலையில் உட்கார்ந்திருக்கலாம். ஆண்டவரிடம் கேளுங்கள், கேட்டுவிட்டு உங்கள் கையால் முடிந்ததை ஆரம்பியுங்கள். தப்பாகப் போனாலும் பயப்படாதீர்கள், அதற்குள்ளும் அவர் வேலை செய்வார்.

அடுத்த வேலையையும் நினைத்து வைத்திருக்கிறேன். படகில் உட்காரும் பலகைகளுக்கு அடியில் இறுக மூடிய காலி கேன்களை அடைத்து, மேலே பைபர் போட்டு மூடப்போகிறோம். அப்படிச் செய்தால் தண்ணீர் நிறைந்தாலும் படகு மூழ்காது என்பது என் கணக்கு. கணக்கு சரியா என்று எப்படித் தெரியும்? வருகிற சனிக்கிழமை ஆற்றுக்குக் கொண்டுபோய், விளிம்பு வரைக்கும் வேண்டுமென்றே தண்ணீர் நிரப்பிப் பார்க்கப்போகிறோம். உள்ளே யாராவது உட்கார்ந்தால்தான் சோதனை சரியாக இருக்கும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"நான் உக்காருறேன். நீ தண்ணிய ஊத்து" என்றார் அப்பா.