பூஜ்யத்தை நம்பிக் கொடுத்த புளியமரங்கள்

கோணலா எழுதுவேன், மறதியும் உண்டு, பொறுத்துக்குங்க.

காவலூரில் வேலை பார்த்த என் வூட்டுக்காரர் சேமிப்பைப் பங்குச்சந்தையில் போட்டிருந்தார். பழைய கம்ப்யூட்டரில் தினமும் சந்தைப் புள்ளியைப் பார்ப்பார். அவர் காலமான பிறகு நானும் பார்த்தேன். ஒருநாள் எல்லாம் பூஜ்யம். பணமே போச்சு, சோத்துக்கு இன்னா செய்வது என்று பயந்துவிட்டேன். யாரையும் கேட்கக் கூச்சம். எங்க கொல்லையில் பூவெடுத்திருந்த புளியமரங்களைக் கிடைத்த விலைக்கு வியாபாரியிடம் குத்தகை விட்டேன்.

மகள் வந்து பார்த்துச் சிரித்தாள். "சந்தை நல்லாத்தான் கீதும்மா. இந்தப் பழைய புரோகிராமுக்கு விலை வர்றதுதான் நின்னுபோச்சு."

மரத்தைக் குத்தகை விட்டதைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. புரோகிராம் விலை எடுக்கும் இன்டர்நெட் முகவரியை மாற்றினாள், புள்ளி திரும்பியது. குத்தகைக்குப் போன மரம் திரும்பவில்லை. புளி உலுக்கும் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

இப்போதெல்லாம் கூச்சப்படாமல் முதலில் மகளுக்குப் போன் போடுகிறேன். அவள் மாற்றியது முகவரிதானா, நான் மறந்து வேறெதையோ சொல்றேனா என்று தெரிந்தவங்க யாராவது சரிபாருங்க.