முகம் மாறி வந்த மருமகள்

நான் தாயில்பட்டியில் பிறந்து சிவகாசிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். எனக்குத் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்குகிற வேலை. வரி வரியாகப் பள்ளம் வெட்டிய பலகைகளில் குச்சிகளை அடுக்கிக் கொடுக்க வேண்டும். கைதான் வேலை செய்யும், வாய் சும்மா இருக்கும். அந்த வாயால்தான் நான் நாடகத்துக்குப் போனேன்.

என் வீட்டுக்காரர் பட்டாசு லேபிள் அச்சடிக்கும் பிரஸ்ஸில் மிஷின் பார்த்தார். அந்த பிரஸ்ஸின் பின்பக்கக் காம்பவுண்டில், மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாடகம் நடக்கும். எழுதியவர் அங்கே புரூஃப் திருத்துகிறவர். எல்லோரும் அவரை வாத்தியார் என்போம். அவருடைய நாடகத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. ஒரே குடும்பத்தின் கதை, மாதாமாதம் தொடர்ந்துகொண்டே போகும். அந்த வீட்டில் ஒரு மாமனார், ஒரே மகன், மருமகள், சொத்துக்காகச் சண்டை போடும் சித்தப்பா. போன மாதம் சித்தப்பா கதவைச் சாத்திவிட்டுப் போனால், இந்த மாதம் கதவு திறக்கும். தீபாவளி சீசன் நெருங்கினால் நாடகம் நின்றுவிடும். ஊரே ஆர்டருக்கு ஓடும்போது யார் உட்கார்ந்து பார்ப்பது? சீசன் முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். நான் கல்யாணமாகி வந்தபோதே அது சில வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

வர முடியாத பெண்களுக்கு மறுநாள் ஆபீசில் நான்தான் கதை சொல்லுவேன். மாமனாருக்கு ஒரு குரல், சித்தப்பாவுக்கு ஒரு குரல், மருமகளுக்கு ஒரு குரல். குச்சி அடுக்கியபடியே அவள் அழுத அழுகையையும் அழுதுகாட்டுவேன். வீட்டிலும் சோறு பொங்கிக்கொண்டு அதையே பேசிக்கொண்டிருப்பேன். என் மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்பார். அவருக்கு அந்த மருமகள் மேல் உயிர்.

மருமகளாக நடித்தவர் மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்து போகும் நாடக நடிகை. அவர் கர்ப்பமானார். ஏற்கெனவே ஒரு பிள்ளை தங்காமல் போனதால், இனிமேல் பஸ்ஸில் குலுங்கி வரக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். வேறு நடிகையைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் ஒழியவில்லை. மருமகள் நோயில் செத்துப்போனாள் என்று கதையை மாற்ற வாத்தியார் முடிவு செய்தார். என் வீட்டுக்காரர் இதைச் சாப்பிடும்போது சொல்ல, மாமியார் பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே விட்டுவிட்டு எழுந்தார்.

மறுநாள் மத்தியானம் பிரஸ் வாசலில் போய் வாத்தியாரை வெளியே கூப்பிட்டிருக்கிறார். அங்கே நடந்ததை என் வீட்டுக்காரர் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"அந்தப் புள்ளையைக் கொன்னுபோடாதீக," என்றாராம். "எங்க வீட்டுல ஒருத்தி இருக்கா. அம்புட்டு வசனமும் அவளுக்குத் தெரியும்."

குடும்பப் பெண் மேடை ஏறினால் ஊர் என்ன சொல்லும் என்று வாத்தியார் தயங்கியிருக்கிறார்.

"ஊருதான ஞாயித்துக்கிழம அங்கன உக்காந்து அழுகுது. அது என்னத்தச் சொல்லிரும்?"

நான் மேடை ஏறுவது என்று முடிவானதும் என் வீட்டுக்காரர் ரெண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. கோபம் என்று சொல்ல முடியாது. மேடையில் இன்னொருவன் என்னைப் பெயர் சொல்லி, பெண்டாட்டி என்று கூப்பிடுவதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. வாத்தியாருக்கு அது சொல்லாமலே விளங்கியிருக்க வேண்டும். அந்த வீட்டு மகன் பட்டாளத்தில் சேர்ந்து வடக்கே போய்விட்டான் என்று எழுதிவிட்டார். மகனாக நடித்தவர் அச்சுக்கோப்பவர். நல்ல மனுஷன். வேஷம் போனதே என்று அவர் முகம் சுளிக்கவில்லை. திரை இழுக்கிற வேலையை வாங்கிக்கொண்டார்.

மதுரை அக்காவிடமிருந்து ஆள் மூலமாக ஒரு பொட்டலம் வந்தது. உள்ளே அவர் மேடையில் கட்டுகிற பச்சைச் சுங்குடிச் சேலை. மருமகளின் சேலை மருமகளிடம் இருக்கட்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். அது அவருடைய சொந்தச் சேலை. முன்பின் பேசிப் பழகாத எனக்கு அதைக் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு ஒரு கட்டாயமும் இல்லை.

முதல் நாள் அந்தச் சேலையோடு மேடையில் கால் வைத்தேன். அம்மா வீட்டுக்குப் போயிருந்த மருமகள் திரும்பி வருவதாகக் கட்டம். கூட்டத்தில் சலசலப்பு. யார் இவள் என்றார்கள். எங்கள் மருமகள் எங்கே என்று ஒரு பெண் சத்தமாகவே கேட்டாள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆபீசில் நூறு தடவை சொன்ன வசனம் ஒன்றுகூட வரவில்லை.

மாமனாராக நடித்தவர் விருதுநகரில் ஒரு மிளகாய் வத்தல் மண்டிக் கணக்குப்பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வருவார். பக்கத்தில் வந்தால் வத்தல் நெடி லேசாக அடிக்கும். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு வாத்தியார் எழுதாத ஒன்றைச் சொன்னார்.

"வாம்மா. ஆத்தா வீட்டுக்குப் போன ரெண்டு மாசத்துல மூஞ்சியே மாறிப்போச்சே. அங்கன ஒழுங்காச் சாப்பிட்டியா, இல்ல பட்டினி கெடந்தியா?"

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் என் நாக்கு அவிழ்ந்தது.

"சாப்பாட்டுக்கு என்ன மாமா கொறச்சல்," என்றேன். "ஒங்களையெல்லாம் நெனச்சு அழுதழுது முகம் இப்படி ஆயிருச்சு."

கை தட்டினார்கள். அதற்குப் பிறகு யாரும் பழைய மருமகளைக் கேட்கவில்லை. நான்தான் மருமகள். காய்கறிக் கடையில், தண்ணீர்க் குழாயில், எங்கே போனாலும் ஊர் என்னை அப்படித்தான் கூப்பிட்டது. சித்தப்பாவுக்குப் பயப்படாதே என்று முன்பின் தெரியாத பெண்கள் என் கையைப் பிடித்துச் சொல்லுவார்கள்.

ஒன்றிரண்டு வருஷம் இப்படிப் போனது. பிறகு கணக்குப்பிள்ளையை அவருடைய முதலாளி தூத்துக்குடி கிளைக்கு அனுப்பிவிட்டார். அங்கிருந்து மாதாமாதம் வந்துபோக முடியாது. அவர் இடத்தில் வேறு ஆளைப் போட வாத்தியாருக்கு மனசில்லை. மாமனார் காசிக்குப் புறப்படுவதாக எழுதினார். கணக்குப்பிள்ளை கடைசியாக வந்து நடித்த அந்தக் கட்டத்தில் அவர் காலில் விழுந்து ஆசீர்வாதம் வாங்கினேன். எழுந்திருக்கவே தோன்றவில்லை. எனக்கு மேடையில் இடம் போட்டுக் கொடுத்த மனுஷன் அவர்.

பல மாதம் கழித்து ஒரு நாடகத்தின் நடுவே கூட்டத்தில் ஒரே கூச்சல். லீவில் வந்த கணக்குப்பிள்ளை, தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். பக்கத்தில் இருந்தவர் கண்டுபிடித்துவிட்டார். மாமா காசியிலிருந்து வந்துவிட்டார் என்று ஊரே எழுந்து நின்றது. அவரைத் தூக்காத குறையாக மேடைக்கு அனுப்பினார்கள். சித்தப்பா என்னோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த கட்டம் அது. கணக்குப்பிள்ளை வேட்டியைச் சரிசெய்துகொண்டு, சித்தப்பாவை நாலு கேள்வி கேட்டு, என் கையால் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"இருந்துட்டுப் போங்க மாமா," என்றேன். நிஜமாகவே சொன்னேன்.

"இல்லத்தா. காசிக்குப் போனவன் ராமேஸ்வரத்துக்கும் போகணும்லா. நீ வீட்டப் பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டு, வந்த வழியே இறங்கிப் போனார்.

வாத்தியார் திரைக்குப் பின்னால் நின்று சிரித்ததில் அவருக்குப் புரையேறிவிட்டது.

எல்லையில் சண்டை வந்த வருஷம், எங்கள் நாடகத்தின் மகனைப் பற்றி ஊருக்குக் கவலை பிடித்துக்கொண்டது. ஏழாயிரம்பண்ணைப் பக்கத்திலிருந்து வரும் ஒரு அம்மாவின் மகன் நிஜமாகவே பட்டாளத்தில் இருந்தான். நாடகம் முடிந்ததும் அவர் என்னிடம் வந்து, உன் வீட்டுக்காரர் சுகமாக இருப்பதாகச் சேதி வந்ததா என்று கேட்டார். அவர் எதைக் கேட்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரமாயிற்று. நன்றாக இருக்கிறாராம் என்றேன். அவர் முகம் தெளிந்தது. உனக்கு வந்தால் எனக்கும் வரும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதை வீட்டில் சொன்னேன். என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே வெகுநேரம் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். மறுநாள் அவரே வாத்தியாரிடம் போய், அந்த மகனைத் திரும்பக் கூட்டிவரச் சொல்லியிருக்கிறார். யாராவது ஒருவன் வந்தால்தானே பார்க்கிற அம்மாமாருக்கு மனசு ஆறும் என்றாராம். என் வீட்டுக்காரரிடமிருந்து இதை நான் எதிர்பார்க்கவில்லை.

அச்சுக்கோப்பவர் மறுபடியும் வேஷம் கட்டினார். அன்றைக்குத் திரை இழுத்தது என் வீட்டுக்காரர். பட்டாள உடுப்பில் மகன் வாசலில் வந்து நிற்க, நான் திரும்பிப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் கட்டம், வசனமே கிடையாது. ஏழாயிரம்பண்ணை அம்மா முன்வரிசையில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவருடைய மகனும் அந்தக் கோடையில் லீவில் வந்து சேர்ந்தான். அவனைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்தார், ஒரு தூக்குவாளி நிறையக் கருப்பட்டிப் பணியாரத்தோடு.

பிறகு பிரஸ்ஸுக்குப் புது மிஷின் வந்தது. அதற்குக் காம்பவுண்டில் கட்டடம் எழுப்பினார்கள். அந்தச் சீசனுக்கு நின்ற நாடகம் திரும்பத் தொடங்கவில்லை. வாத்தியாரும் மெட்ராஸ் பக்கம் வேலை தேடிக்கொண்டார். ஊரை விட்டுப் போகுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். மாமியார் அவரை உட்காரவைத்து, கதையை எப்படி முடிப்பதாக இருந்தீர்கள் என்று கேட்டார்.

வாத்தியார் தட்டிக்கழிக்கவில்லை. சித்தப்பா மனம் திருந்துவது, மருமகளுக்குப் பெண் குழந்தை பிறப்பது, மாமனார் திரும்பி வந்து பேர் வைப்பது, எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார். மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். அடுப்பில் குழம்பு சுண்டிக்கொண்டிருந்தது. நானும் எழுந்து போகவில்லை.

"எல்லாரும் நல்லா இருக்காகள்ல. அது போதும்," என்றார் மாமியார். "சாப்பிட்டுப் போங்க வாத்தியாரே."

மறுநாள் தீப்பெட்டி ஆபீசில் அந்த முடிவை, எல்லாக் குரலிலும், நான் சொல்லி முடித்தேன்.