விழுந்த கல்லும் மூன்றாவது கோப்பையும்

ஜேர்மனியில், வுப்பர்டால் நகரில் எங்கள் மேல்வீட்டுக்காரி, எத்தியோப்பியாவின் வடக்கு மலைநாட்டில் அக்சும் என்ற ஊரில் பிறந்தவள். அவள் சமையலறைச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்த நாளிலிருந்து என் வாய் சும்மா இருக்கவில்லை. பனையை விட உயரமான ஒற்றைக் கல். அதில் மாடி மாடியாக யன்னல்கள், அடியில் கதவு, கதவில் பூட்டு. எல்லாமே செதுக்கியவை. திறக்காத கதவுக்கு எதற்குப் பூட்டு?

"கீழை பழைய ராசாக்கள் படுத்திருக்கினம், அக்கா," என்றாள். நாங்கள் பேசுவது இந்த நாட்டு டொச் மொழியில். 'அக்கா' மட்டும் நான் பழக்கியது.

அன்றைக்கே ஒரு பிழை விட்டேன். பச்சைக் கோப்பிக் கொட்டையை வறுத்து, இடித்து, மண்கூசாவில் கொதிக்க வைத்துச் சின்னக் கோப்பையில் தந்தாள். குடித்துவிட்டு, "காணும்," என்று எழும்பினேன். ஒருமுறை வேண்டாம் என்பதும் வீட்டுக்காரர் வற்புறுத்துவதும் எங்கள் ஊர் மரியாதை. அவள் வற்புறுத்தவில்லை. முகம்தான் வாடிப்போனது.

பிறகுதான் சொன்னாள். அதே தூளில் மூன்று தரம் கொதிக்க வைப்பார்களாம். மூன்றாவது கோப்பைதான் ஆசீர்வாதம். அதைத் தனியே இருந்து குடிப்பதில்லை, கூட ஆள் வேண்டும். ஊரில் சண்டை தொடங்கியதிலிருந்து அங்கே தொலைபேசி இல்லை. தாய் உயிரோடு இருக்கிறாரா என்றே அவளுக்குத் தெரியாது. எங்கள் நாட்டுச் சண்டைக் காலத்தில் நானும் அப்படித் தவித்தவள். திரும்ப உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வேறெங்கும் போகவில்லை.

மூன்றாவது வரும்வரை சும்மா இருக்க என்னால் ஏலாது. செங்கடலைத் தாண்டி எங்கள் கடல்வரை வியாபாரம் செய்த அரசாம் அக்சும். அத்தனை பெரிய கல்லை மலையிலிருந்து எப்படி இழுத்து வந்தார்கள் என்று துளைத்தெடுத்தேன்.

"பள்ளிக்கூடத்திலை சொல்லித் தந்தவை. நான்தான் காது குடுக்கேல்லை," என்று சிரித்தாள்.

அங்கே அப்படிப் பல கற்கள் நிற்கின்றனவாம். எல்லாவற்றிலும் பெரிய கல் மட்டும் துண்டு துண்டாகத் தரையில் கிடக்கிறது. நின்று விழுந்ததா, நிமிர்த்தும்போதே விழுந்ததா? அறிந்தவர்களும் ஒன்றுபட்டுச் சொல்லவில்லை. எனக்கு அதை அறியாவிட்டால் தலை வெடித்துவிடும்போல இருந்தது.

"அம்மான்ரை வீடு அந்தக் கல்லுக்குப் பக்கத்திலைதான். போன் வரட்டும், கேக்கிறன்."

அன்றிலிருந்து அந்தக் கேள்வியை நான் விடவேயில்லை. பதில் வரவேண்டுமானால் அந்த அம்மா இருக்கவேண்டும் அல்லவா.

ஒரு ஞாயிறு, இரண்டாவது கோப்பை முடிந்ததும் தொலைபேசி அடித்தது. இலக்கத்தைப் பார்த்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு அழுகை, சிரிப்பு, எனக்கு விளங்காத பேச்சு. போவதா இருப்பதா என்று தெரியாமல் அடுப்பைக் குறைத்துவிட்டு நின்றேன்.

கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"அக்கா, கேட்டனான். நிண்டதோ இல்லையோ அம்மாவுக்குத் தெரியாதாம். விழுந்து கிடந்தபடியால்தான் சின்னனிலை அதிலை ஏறி விளையாடினவவாம். நிக்கிற கல்லிலை ஆர் ஏறுறது எண்டு கேக்கிறா."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். தொலைபேசிக்குள் அந்தக் குரல் இன்னும் ஏதோ சொன்னது.

"மூண்டாவது குடிச்சிட்டீங்களோ எண்டும் கேக்கிறா."

அவசரமாக ஊற்றி, நாக்குச் சுடச்சுடக் குடித்தேன். பிறகு தொலைபேசியை நோக்கித் தமிழிலேயே கத்தினேன்.

"ஓம் அம்மா, குடிச்சிட்டன்!"