பூட்டுக்கு மேலே பச்சை விளக்கு

காலர் அக்காவுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைக் கேட்டால் அந்தத் தையல் கம்பெனியில் பாதிப் பேர் திருதிருவென்று விழிப்பார்கள். சேர்ந்த நாளிலிருந்து சட்டைக்குக் காலர் மட்டும்தான் அவள் வேலை. கையும் உடம்பும் வேறு யாராவது தைப்பார்கள். ஒரு முழுச் சட்டையைத் தைத்துப் பார்த்ததே இல்லை என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். வாய் துடுக்குதான், ஆனால் முதலாளி தலை தெரிந்தால் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடுவாள். புருஷன் கைகழுவிவிட்டுப் போன பிறகு அவளையும் மகளையும் கரை சேர்த்தது அந்த மெஷின்தானே! அதைப் பறிகொடுக்க அவளுக்குத் துணிச்சல் கிடையாது.

மகளும் இப்போது அங்கேதான். அம்மாவின் மெஷின் முன்வாசலை ஒட்டி, மகளுடையது கடைசி வரிசையில், பின்கதவை ஒட்டி. அந்தக் கதவு எப்போதும் பூட்டியே கிடக்கும். எந்தக் காலத்திலோ ஒரு சட்டைக் கட்டு அந்த வழியாகக் காணாமல் போனதாம், அன்றிலிருந்து சாவி முதலாளியின் பையில். அதில் குடை மாட்டுவார்கள், துணி மூட்டை சாய்த்து வைப்பார்கள். அது ஒரு கதவு என்கிற நினைப்பே யாருக்கும் இல்லை, காலர் அக்காவுக்கும்தான்.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. தையல் கம்பெனி ஒன்றில் தீப்பிடிக்கிறது, பூட்டிய கதவைத் தட்டித் தட்டியே பெண்கள் செத்துப் போகிறார்கள். ஊரெல்லாம் அதே பேச்சு. பஸ்ஸில், டீக்கடையில், முடிவெட்டும் கடையில். பார்க்காதவர்கள்கூடப் பார்த்த மாதிரி அளந்தார்கள்.

"ஏய், நம்ம கதவும் அப்படித்தானடி பூட்டிக் கெடக்கு?" ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் பட்டன் தைக்கிறவள் கேட்டுவிட்டாள்.

அத்தனை தலையும் பின்பக்கம் திரும்பியது.

"சினிமாவப் பாத்துட்டு வந்து இங்க வேற ஆரம்பிக்காதீங்க" என்றார் சூப்பர்வைசர். எதற்கெடுத்தாலும் விசில் ஊதுவதால் அவருக்கு விசில் என்றே பெயர்.

"நீங்க தியேட்டர்ல கர்ச்சீப்பப் பிழிஞ்சத நான் பாத்தேன் சார்!" என்றாள் காலர் அக்கா.

கொல்லென்று சிரித்தார்கள். ஆனால் சிரித்து முடித்தபின் பழையபடி சாப்பாடு இறங்கவில்லை.

"நீ கேளும்மா. உன்னவிடப் பழைய ஆளு யாரு இருக்கா?" என்றாள் மகள்.

"கேட்டா என் மெஷினும் போயிரும், உன் மெஷினும் போயிரும். பேசாம சாப்பிடு."

பேச்சு எப்படியோ முதலாளி காதுக்கும் போனது. அவர் ஒன்றும் அரக்கன் இல்லை. குடும்பத்தோடு படம் பார்த்துவிட்டு வந்தவர்தான். மறு வாரமே எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து, பின்கதவுக்கு மேலே பச்சை விளக்கு எரியும் பலகை ஒன்றை மாட்டவைத்தார். 'வெளியேறும் வழி' என்ற எழுத்து, பக்கத்தில் ஓடுகிற மனிதன். கரண்ட் போனாலும் எரியுமாம்.

"படம் பாத்து நானே கலங்கிட்டேம்மா. இனிமே உங்க பாதுகாப்பு என் பொறுப்பு" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். விசில் போட்டோ எடுத்தார். பலகைக்குக் கீழே பூட்டு அப்படியே தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டேதான் காலர் அக்காவும் கைதட்டினாள்.

அன்று வீட்டுக்கு நடக்கும்போது மகளின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "ஏதாவது ஒண்ணுன்னா அந்த வெளிச்சத்துப் பக்கம் ஓடாத. என்கிட்ட ஓடி வா."

"பயமுறுத்தாதம்மா."

சில நாள் கழித்து, ஒரு மத்தியானம், அயர்ன் போடும் மேசையில் ஒரு துணிக் கட்டு கருகிப் புகைந்தது. கூடவே கரண்டும் போனது. புகையும் இருட்டுமாகக் கூடம் கண்ணுக்குத் தெரியாமல் போக, தெரிந்தது அந்தப் பச்சை வெளிச்சம் ஒன்றுதான். முன்பெல்லாம் புகை வந்தால் பழக்கத்தில் முன்வாசலுக்கு ஓடுகிறவர்கள், இப்போது மொத்தமாகப் பச்சையை நோக்கி ஓடினார்கள். காலர் அக்கா ஓர் எட்டு வைத்தால் வெளியே. அவளும் உள்ளேதான் ஓடினாள். முடியைப் பிடித்து, புடவையைப் பிடித்து, ஒவ்வொருத்தியாக இழுத்துத் தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்தால், கூட்டத்துக்கு அந்தப் பக்கம், கதவோடு கதவாக நசுங்கி நின்றிருந்தது அவள் பெற்ற பிள்ளை. கத்தக்கூட மூச்சில்லை.

அதற்குள் யாரோ வாளித் தண்ணீரை ஊற்றினார்கள். புகை அடங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று விசில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். மகளின் கன்னத்தில் பூட்டின் அச்சு பதிந்திருந்தது. அன்று முழுக்க அது மறையவில்லை.

மறுநாள் காலை உள்ளே நுழைந்தவர்கள் கதவைப் பார்த்து நின்றார்கள். பலகையைக் காணோம். அது இருந்த இடத்தில் ஆணி ஓட்டைகள். பூட்டு மட்டும் இருந்தது.

"அதப் பாத்துத்தானே எல்லாரும் அங்க ஓடுனீங்க? அதான் ஐயா கழட்டச் சொல்லிட்டாரு" என்றார் விசில்.

முதலாளி பக்கத்தில்தான் நின்றார். காலர் அக்கா வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாள். "ஐயா, சாவி?"

அவர் கை தானாகப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. "பாக்கலாம்மா. அடுத்த வாரம் பாக்கலாம்."

அவள் நேரே கடைசி வரிசைக்குப் போனாள்.

"எந்திரி."

"எதுக்கும்மா?"

"போய் என் மெஷின்ல உக்காரு. வாசல் பக்கத்துல."

"எனக்குக் காலர் தைக்க வராதும்மா."

"கத்துக்கோ!"

அந்தச் சத்தத்தில் கூடமே திடுக்கிட்டது. மகள் அழுதுகொண்டே முன்வரிசைக்குப் போய் உட்கார்ந்து, திரும்பித் திரும்பிப் பார்த்தாள். விசில் ஊதினார். ஒவ்வொரு மெஷினாக ஓட ஆரம்பித்தது. காலர் அக்கா பூட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மகள் பாதியில் விட்டிருந்த சட்டைக் கையை எடுத்து ஊசிக்கு அடியில் வைத்தாள்.