விதைப்பூண்டு விற்பனைக்கு இல்லை

பாண்டிச்செல்விக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் ஜெயமுருகன் முதலில் நினைத்தான். நினைக்காமல் என்ன செய்வான்? பனி விலகாத காலையில், தோட்டத்து மேல்வரப்புப் பாறையில் அவன் பெண்டாட்டி ஏறி நிற்கிறாள். கையில் ஒரு பூண்டு. எதிரே ஈ காக்கை கிடையாது. "வணக்கமுங்க, மன்னவனூர்ல இருந்து பாண்டிச்செல்வி பேசுறேன்" என்று காற்றுக்கு வணக்கம் வைக்கிறாள். கிட்டே போன பிறகுதான் சங்கதி புரிந்தது. வரப்பில் போனைச் சாய்த்து வைத்துத் தன்னைத்தானே படம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன புள்ள பண்ற?"

"பூண்டு விக்கிறேங்க."

"ஆருக்கு? இந்த மூடுபனிக்கா?"

இவன் குரல் உள்ளே விழுந்து படம் கெட்டுப்போனதால் மறுபடியும் முதலிலிருந்து வணக்கம் சொன்னாள். அவர்கள் வீடு இருக்கிற சரிவில் போனுக்கு டவர் கிடைப்பது அந்தப் பாறையில் மட்டும்தான். ஜெயமுருகன் அங்கே ஏறுவது வருஷத்தில் சில தடவை, அதுவும் மண்டிக்காரரிடம் பேசத்தான்.

மண்டிக்காரரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நடவுக்கு முன்னால் அவர் முன்பணம் கொடுப்பார். உரம், ஆள்கூலி எல்லாம் அந்தப் பணத்தில்தான். அறுவடை ஆனதும் பூண்டு அவர் மண்டிக்கே போக வேண்டும், அவர் சொல்வதுதான் விலை. ஆளைக் குறை சொல்வதற்கில்லை. அவசரத்துக்கு நம்பிக் கொடுப்பவர் அவர் ஒருவர்தான். ஆனால் அந்த வருஷம் அவர் சொன்ன விலையைக் கேட்டுப் பாண்டிச்செல்வி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் புருஷனிடம் வந்தாள்.

"வீட்டுச் செலவுக்குன்னு எடுத்து வச்சிருக்கீங்கல்ல ஒரு மூட்டை, அதை எனக்குக் குடுங்க. வர்ற ஐப்பசி நடவுக்கு மண்டியில கை நீட்டக் கூடாது. அம்புட்டுதான் எனக்கு வேணும்."

ஜெயமுருகன் சிரித்தான். ஒரு மூட்டையை வைத்துக்கொண்டு ஒரு வெள்ளாமைக்கான பணத்தைச் சேர்க்கப் போகிறாளாம்! சரி, பெண்டாட்டி ஆசைப்படுகிறாள், போனால் ஒரு மூட்டைதானே என்று கொடுத்துவிட்டான். அதுதான் அவள் முதல். அதோடு அவள் தம்பி புதுசு வாங்கிக்கொண்டு தள்ளிவிட்ட, கண்ணாடி கீறிய பழைய போன் ஒன்று. நேரமாவது இருந்ததா என்றால் அதுவும் இல்லை. வெள்ளனே எழுந்து சோறாக்கி, இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூட வண்டியில் ஏற்றிவிட்டு, கேரட் கழுவும் செட்டுக்குக் கூலிக்கு ஓட வேண்டும். ஈரச் சேலையோடு திரும்பினால் மறுபடியும் அடுப்பு.

வேறு யாராயிருந்தாலும் நேரமில்லை என்பதை மறைத்திருப்பார்கள். இவள் அதையே விளம்பரமாகப் போட்டாள். "காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவைதான் பதில் சொல்லுவேன். நடுவுல நான் கேரட் கழுவப் போயிருவேன். செவ்வாய்க்கிழமை மட்டுந்தான் பார்சல் போடுவேன், அன்னைக்குத்தான் எனக்கு வேலை கெடையாது" என்று பாறைமேல் நின்று பச்சையாகச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த ஜெயமுருகன் தலையில் அடித்துக்கொண்டான். கடை திறக்கும்போதே கதவைச் சாத்துகிறவளை அவன் பார்த்ததில்லை.

ஆனாலும் அந்தப் படங்களைப் போனில் பார்த்துவிட்டு ஆள் வந்தது. ஒன்று, இரண்டு என்று வந்தது. செவ்வாய்க்கிழமை பஸ் ஏறிக் கொடைக்கானல் கடைவீதிக்குப் போனாள். அங்கே கூரியர் கடையில் உட்கார்ந்திருக்கும் சப்ரின் என்ற பெண்தான் பெட்டியைத் தராசில் வைத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"அக்கா, ஒரு கிலோ பூண்டு, பெட்டியோட சேர்ந்து ஒரு கிலோவைத் தாண்டுது பாருங்க. கொஞ்சம் தாண்டினாலும் அடுத்த ரேட்டு போட்டுருவாங்க. உங்க லாபம் அதுலயே போயிரும்."

அன்றைக்கு மட்டும் கைக்காசைப் போட்டு அனுப்பினாள். மறுநாளிலிருந்து பாண்டிச்செல்வி விற்றது முக்கால் கிலோக் கணக்கில்தான். முக்கால் கிலோ பூண்டும் பெட்டியும் சேர்ந்து கூரியர்க்காரன் ஒரு கிலோக் கணக்குக்குள் அடங்கிவிடும். பெட்டிக்கும் காசு கிடையாது. மளிகைக் கடைகளில் தூக்கிப் போடும் பிஸ்கட் பெட்டிகளைக் கேட்டு வாங்கி, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மடித்து ஒட்டினாள். இதற்கு நடுவே எவனோ ஒருவன் போனில் கூப்பிட்டு, பணம் கட்டினால் ஆயிரக்கணக்கில் ஆள் சேர்த்துத் தருவேன் என்றான். ஜெயமுருகனுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. "கட்டிருவோமா புள்ள?" என்றான். "ஆயிரம் பேரு வந்தா அத்தனை பேருக்கும் குடுக்க நம்மகிட்ட என்னங்க இருக்கு? ஒரு மூட்டைதான கெடக்கு?" என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

இவ்வளவு யோசிக்கிறவள் ஒரு இடத்தில் வசமாகச் சறுக்கினாள். அந்த மலைவீடுகளில் பூண்டைத் தாளோடு கொத்தாகக் கட்டி அடுப்புக்கு மேலே தொங்கவிடுவார்கள். புகை ஏறத் தோல் கறுத்துப்போகும், உள்ளே பல் கல்லுப் போல் இருக்கும், மாதக்கணக்கில் கெடாது. இவளுக்கு அந்தக் கறுப்பைப் பார்த்து வெட்கமாகிவிட்டது. டவுன்காரர்கள் அழுக்கு என்று நினைத்துவிட்டால்? ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தாள், மேல்தோலை உரித்தாள், வெள்ளை வெளேரென்று பிளாஸ்டிக் கவரில் போட்டு மெழுகுவத்தி நெருப்பில் வாயை ஒட்டினாள். ஜெயமுருகனும், "அடேங்கப்பா, கடைச்சரக்கு மாதிரியே இருக்கே" என்று மெச்சினான். மலையை விட்டு இறங்கி வெக்கைக்குள் போனதும் கவருக்குள் பூண்டு வேர்த்தது. வேளச்சேரியிலிருந்து ஒரு அம்மா படம் அனுப்பினாள். பச்சைப் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. கோயம்புத்தூரிலிருந்தும் ஒருவர் அனுப்பினார். மற்றவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

"போனது போச்சு விடு. அவங்க என்ன மலையேறி வந்து சண்டையா போடப் போறாங்க?" என்றான் ஜெயமுருகன்.

"வர மாட்டாங்க. அதனாலதாங்க நாம அனுப்பணும்."

கேட்டவர்களுக்கு மட்டுமல்ல, கேட்காதவர்களுக்கும் சேர்த்து மறுபடி அனுப்பினாள். இந்த முறை துடைக்கவில்லை. புகைக் கறுப்போடு, ஓட்டை போட்ட பெட்டியில், காற்றுப் படும்படி அனுப்பினாள். "இது அழுக்கு இல்லீங்க, எங்க அடுப்புப் புகை. நான் வெக்கப்பட்டுத் தொடைச்சதுதான் தப்பு" என்று ஆளாளுக்குப் பேசியும் அனுப்பினாள். அரை மூட்டை அதிலேயே காலி. ஐப்பசிக்கென்று சேர்த்த பணமும் கூரியருக்கே போய்விட்டது. ஜெயமுருகன் கோபத்தில் அவளோடு பேச்சை நிறுத்தினான். அவளுக்கு அதைக் கவனிக்கவும் நேரமில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் அவனால் நம்பவே முடியவில்லை. வேளச்சேரி அம்மா தன் அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொன்னாள். அவர்கள் வேறு யாருக்கோ சொன்னார்கள். எங்கோ இருக்கிறவர்கள் பணத்தை முதலில் போட்டுவிட்டு, பொருளுக்கு அடுத்த செவ்வாய் வரை பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள். மண்டியில் மூட்டையைப் பிரித்து, கையை முழங்கை வரைக்கும் உள்ளே விட்டுத் துழாவாமல் எவனும் வாயைத் திறக்க மாட்டான். இங்கே ஒரு பல்லைக்கூடத் தொட்டுப் பார்க்காமல் பணம் அனுப்புகிறார்கள். இது என்ன உலகம் என்று ஜெயமுருகன் வாயைப் பிளந்தான். ஒரு மூட்டை தீர்ந்ததும் பக்கத்துத் தோட்டத்து லீலாவிடம் ரொக்கம் கொடுத்து இன்னொரு மூட்டை வாங்கினாள். அதுவும் தீர்ந்தது. புரட்டாசி வந்தபோது அந்தச் சரிவில் எந்த வீட்டிலும் விற்கப் பூண்டு இல்லை.

இருந்தது விதைப்பூண்டு மட்டும். பொறுக்கி எடுத்த நல்ல பூண்டெல்லாம் அவர்கள் அடுப்புக்கு மேலே கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஆர்டரோ நிற்கவில்லை. நடவுக்கு வேண்டிய பணத்தில் பாதிகூடச் சேரவில்லை. ஜெயமுருகன் அண்ணாந்து பார்த்தான்.

"செல்வி, இதை இன்னைக்கு இருக்கிற வெலைக்குக் குடுத்துட்டு, வெளிச்சந்தையில சல்லிசா வேற விதை வாங்கிக்குவோம். மண்டிக்காரர் தயவே வேணாம். நீ ஆசைப்பட்டதும் அதுதான?"

ஆசைப்பட்டது அதுதான். அவளும் அண்ணாந்து, கைக்கெட்டிய ஒரு கொத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"வேற விதை போட்டா வேற பூண்டு வரும். அவங்க கேக்குறது இதைங்க" என்றாள்.

மறுநாள் காலை பாறைமேல் ஏறி, "பூண்டு தீந்துபோச்சுங்க. இப்ப இருக்கிறது விதை. அதை விக்க மாட்டேன். வெளைஞ்சதும் சொல்றேன்" என்று பேசிப் படம் போட்டுவிட்டு இறங்கிவிட்டாள். கடை மூடியாயிற்று, அதன் பிறகு அவள் பாறைப் பக்கமே போகவில்லை. அதோடு அவள் ஆசையும் மூடியாயிற்று என்று ஜெயமுருகனுக்குத் தெரிந்தது. மேகம் இறங்கத் தொடங்கிவிட்டது, இதற்கு மேல் உரம் வாங்கத் தாமதித்தால் பருவம் தப்பிவிடும். அடுத்த நாள் அவளே சொன்னாள். "போங்க. மண்டிக்குப் பேசிருங்க." சொல்லும்போது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தான் அன்றைக்குச் சிரித்தது சரியாகிப்போனது என்று அவன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் மண்டிக்குப் பேசப் போகவே மனசு வரவில்லை.

அவன் போனில் சார்ஜ் இல்லை, அவள் போனை எடுத்துக்கொண்டு ஏறினான். பாறைமேல் கால் வைத்ததும் போன் கத்த ஆரம்பித்தது. நிறுத்தவே இல்லை. ஏதோ கெட்டுப்போய்விட்டது என்று பயந்து எதையோ அமுக்கினான். காரைக்குடியிலிருந்து ஒரு பெரியவர் குரல் கேட்டது.

"விதையை விக்க மாட்டேன்னு சொன்னீங்க பாருங்க, அது போதும்மா எனக்கு. அடுத்த வெளைச்சலுக்கு இப்பவே பணம் போட்டுட்டேன். வெளையும்போது அனுப்புங்க, அவசரமில்லை."

அதற்குக் கீழே இன்னொருவர். அவருக்குக் கீழே வேளச்சேரி அம்மா. நானும், நானும் என்று வரிசையாக. ஜெயமுருகனுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. செருப்பு ஒன்று கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் சரிவில் ஓடினான்.

அவள் சிரிப்பாள், அழுவாள் என்று எதிர்பார்த்தான். அவளோ பாறைக்கு வந்து எல்லாவற்றையும் பார்த்ததும் முகம் வெளுத்துப்போனாள்.

"தை மாசம் உறைபனி விழுந்து தாள் கருகிருச்சுன்னா என்னங்க பண்றது? மண்டிக்காரருன்னா அடுத்த வருசம் கழிச்சுக்குவாரு. இவங்க எங்கிட்டு வந்து நம்மளைக் கேப்பாங்க?"

அங்கேயே உட்கார்ந்தாள். இருக்கிற விதைக்கு எத்தனை பாத்தி வரும், பனி கடித்த வருஷத்தில் ஒரு பாத்தி எவ்வளவு கொடுத்தது என்று விரல் மடக்கிப் புருஷனிடம் கேட்டுக் கேட்டுக் கணக்குப் போட்டாள். மோசமான வருஷத்திலும் கொடுக்க முடிகிற அளவுக்கு மட்டும் பணத்தை வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு வந்ததை ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தாள். "இந்தத் தடவை என்னால முடியாதுங்க, மன்னிச்சுக்கங்க" என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வார்த்தை.

"அடியேய், வந்த காசைத் திருப்பி அனுப்புறவளை எங்கயாச்சும் பாத்திருக்கியா?" என்று ஜெயமுருகன் பதறினான். கையைக்கூடப் பிடித்தான். அவள் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தாள், விட்டுவிட்டான். பக்கத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பணம் போகப் போகப் பார்த்துக்கொண்டிருந்தான். நித்தம் தனக்குச் சோறு போடுகிற, கேரட் தண்ணீரில் விரல் ஊறி வெளுத்த இந்தப் பெண்பிள்ளையைத் தான் இத்தனை வருஷம் அரைகுறையாகத்தான் பார்த்திருக்கிறோம் என்று அவனுக்குப் பட்டது. கும்பிடத் தோன்றியது. கூச்சத்தில் காதைச் சொறிந்துகொண்டான்.

மிஞ்சியது உரத்துக்குச் சரியாக இருந்தது. ஆள்கூலிக்கு இல்லை. லீலா வீட்டு நடவுக்கு இவர்கள் போவது, இவர்கள் நடவுக்கு அந்த வீட்டார் வருவது என்று கூலியில்லாமல் பேசி முடித்தாள். பிறகு விதையை இறக்க வீட்டுக்குப் போய்விட்டாள். ஜெயமுருகன் மண்டிக்காரரைக் கூப்பிட்டான்.

"என்னலே ஜெயமுருகா, மழை எறங்குது, இன்னும் ஒன்னையக் காணோம்? பணத்தை எடுத்து வச்சுட்டுக் காத்துக் கெடக்கேன்."

"இந்த வருசம் வேணாம் மொதலாளி."

"வேற மண்டியில வாங்கிட்டியா?"

"இல்லைங்க."

"பின்ன? பேங்க்காரன் குடுத்தானா?"

"இல்லைங்க மொதலாளி. பூண்டு திங்கிறவங்களே குடுத்துட்டாங்க."

"எந்தப் பூண்டுலே? நீ இன்னும் நடவே இல்லையே?"

"ஆமாங்க" என்றான் ஜெயமுருகன். "இனிமேத்தான் நடணும்."

தன் வாயால் சொல்லித் தன் காதால் கேட்டபோதுதான் அது அவனுக்கு முழுசாக உறைத்தது. கீழே தோட்டம் வெறும் மண்ணாகக் கிடந்தது. இறங்கி வீட்டுக்குப் போனான். பாண்டிச்செல்வி விதைப்பூண்டைச் சாக்கில் கொட்டி, நடுவதற்குப் பல் பல்லாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். அவனும் எதிரே உட்கார்ந்து ஒரு பூண்டை எடுத்தான். சின்ன வயதிலிருந்து மூட்டை மூட்டையாக உடைத்த கைதான். அன்றைக்கு அந்த ஒரு பூண்டை, ஒரு பல்லில்கூட நகம் படாமல் மெல்ல மெல்லப் பிரித்தான்.