மூன்று விநாடிப் பொத்தான்

களமருதூர் கோகிலவாணிக்கு என்ன வேலை என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு பதில் வரும். போனுக்குப் பொத்தான் வைக்கிற வேலை என்று அவள் அம்மா சாலம்மாள் நாற்று நடுகிற இடத்தில் சொல்லிவிட்டாள். அன்று சாயந்திரமே கொக்கி அறுந்த ஜாக்கெட்டுகளோடு நான்கு பேர் வாசலில் நின்றார்கள்.

உண்மையான வேலை இதுதான். போனைத் திறந்தால் எது கண்ணில் பட வேண்டும், எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும், தொட்டால் என்ன நடக்க வேண்டும் என்று யோசித்து வரைவது. கள்ளக்குறிச்சியில் படித்து முடித்து, சென்னையில் சாப்பாடு வரவழைக்கும் செயலி ஒன்றுக்கு நான்கு வருடம் வரைந்தாள். பிரியாணிப் படத்தை அரை விரல் தள்ளி வைக்கலாமா என்று ஒன்பது பேர் மூன்று நாள் கூடிப் பேசுவார்களாம். அதற்குள் பத்து ஊருக்குப் பிரியாணியே ஆக்கிப் போட்டிருக்கலாம்.

அப்பா படுக்கையில் விழுந்ததும் ஊருக்குத் திரும்பினாள். கள்ளக்குறிச்சியில் உரக்கடை மாடியில் சிவசங்கர் நடத்துகிற சின்னக் கம்பெனியில் சேர்ந்தாள். பெயருக்குத்தான் வேலை. இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

அப்போதுதான் கல்வராயன் மலையில் பஸ் எட்டாத ஊர்களுக்கு அவசர ஜீப் அனுப்ப ஓர் அறக்கட்டளை செயலி கேட்டது. முதலில் ஐந்து ஊரில் சோதனை. கோகிலவாணி திரையில் ஒரே ஒரு சிவப்புப் பொத்தான் வரைந்தாள். தொட்டால் ஜீப் வரும்.

வந்தது. வந்துகொண்டே இருந்தது. பெண்கள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு களை எடுப்பார்கள். குனிந்தால் ஒரு ஜீப், நிமிர்ந்தால் ஒரு ஜீப். ஓர் ஆடு திரையை நக்கியதற்காக டிரைவர் வேடியப்பன் பதினெட்டு கிலோமீட்டர் மலையேறி, ஆட்டிடம் உடம்புக்கு என்ன என்று விசாரித்துவிட்டுத் திரும்பினார்.

கோகிலவாணி ஒரு வழி கண்டுபிடித்தாள். மூன்று விநாடி விடாமல் அழுத்தினால்தான் ஜீப்புக்குத் தகவல் போகும். அதற்குக் குறைந்த தொடுதல் எல்லாம் ‘தவறுதல்’ என்று ஒரு சாம்பல் நிறப் பட்டியலில் போய்ச் சேரும். அந்தப் பட்டியலை யாரும் திறப்பதில்லை. வெட்டி அழைப்பு அடியோடு நின்றது. சிவசங்கர் அலுவலகத்துக்கே கேசரி வாங்கிக் கொடுத்தார்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. நாலு மணிக்கு அறக்கட்டளைக்காரர்கள் வருகிறார்கள். வெட்டி அழைப்பு ஒன்றுகூட இல்லை என்று காட்டிவிட்டால் இன்னும் நாற்பது ஊர் கிடைக்கும், கோகிலவாணிக்கு வேலையும் நிரந்தரமாகும். மூன்று மணிக்கு, எத்தனை தவறுதல்களைத் தடுத்தோம் என்று கணக்குக் காட்டத்தான் அந்தச் சாம்பல் பட்டியலைத் திறந்தாள்.

பாப்பாத்தி என்ற பெயர், தொட்ட இடத்தோடும் நேரத்தோடும், ஏழு முறை இருந்தது. இந்த மூன்று விநாடியை விளக்க மலைக்குப் போனபோது முன்வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டிய பெண். 2.41க்கு ஒரு தொடுதல். 2.43க்கு ஒன்று. 2.46க்கு ஒன்று. கடைசியாக 2.58.

சிவசங்கர் எட்டிப் பார்த்தார். “இடுப்புல அழுந்துது கோகிலா. வுடு.”

“இடுப்புல அழுந்துனா பத்து பதினஞ்சு ஒண்ணா வுழும் சார். இது ஒண்ணு வுழுது, அப்பால காத்துக்கினு இருக்குது. திரும்ப ஒண்ணு வுழுது.”

சொல்லும்போதே அவளுக்கு உறைத்தது. தொட்டுவிட்டுக் காத்திருப்பது யார்? அவள் அம்மாதான். சாலம்மாள் தன் வாழ்நாளில் மகளுக்கு முழு போன் போட்டதே கிடையாது. ஒரு ரிங் விட்டு கட் பண்ணிவிட்டு, மகள் கூப்பிடுவாள் என்று போனையே பார்த்துக்கொண்டு குந்தியிருப்பாள். மூன்று விநாடி வரைந்த கைக்கு அது நினைவே வரவில்லை.

“சார், மிஸ்டு கால் குடுக்குது சார் அந்தம்மா.”

பாப்பாத்தி எண்ணுக்குப் போட்டாள். லைன் போகவில்லை. மலையில் சிக்னல் ஒரு நிமிடம் வந்தால் இரண்டு நிமிடம் வராது. வெள்ளிமலையில் வேடியப்பன் ஜீப் ஒன்றுதான் நின்றது. அதை அனுப்பினால் அழைப்பாகப் பதிவாகிவிடும், அங்கே ஆடு நின்றால் நாலு மணிக்கு எல்லாம் போச்சு என்று சிவசங்கர் தலையில் கை வைத்துக்கொண்டார். அவள் அதற்குள் வேடியப்பனிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

“இன்னாம்மா, இன்னிக்கி ஆடா மாடா?”

“தெரியலண்ணே. ஆனா போங்க. பொய்யாப் போனா நான் பாத்துக்கறேன்.”

“ஆடா இருந்தா அத்த ஏத்தியாந்து உன் வூட்லயே கட்டிடுவேன், சொல்லிட்டேன்.”

ஜீப் கிளம்பியது. அவள் திரையில் அது ஒரு நீலப் புள்ளி. ஒரு வளைவில் நகர்ந்தது, அடுத்த வளைவில் நின்றது, பிறகு மறைந்தது. நாலு மணிக்கு அறக்கட்டளையிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். டீ வந்தது. சிவசங்கர் தொண்டையைச் சரிசெய்தார், மின்விசிறியைக் கூட்டினார், குறைத்தார், மறுபடி கூட்டினார். கோகிலவாணி போனை மேசையில் மல்லாத்தி வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவளுக்கு ஏழு வயது கூடியிருக்கும்.

நாலு பன்னிரண்டுக்கு வேடியப்பன் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் ஜீப் சத்தமும் சேர்ந்து கேட்டது.

“விரியன் கடிச்சிருக்கும்மா, கையில. மரவள்ளிக் கொல்லையில தனியா குந்தியிருந்துது. இட்டுக்கினு போய்க்கினு இருக்கேன். பேசுது, ஆனா கண்ணு சொருவுது.”

அறையில் யாரும் டீயைத் தொடவில்லை. அவள் அவர்களுக்குக் காட்டத் தயாராக வைத்திருந்த கணக்குப் படத்தை மூடிவிட்டு, சாம்பல் பட்டியலைச் சுவர்த் திரையில் போட்டாள். இந்த ஏழும் தவறுதல் இல்லை, மூன்று விநாடி வைத்த என் தவறு என்றாள். இத்தனை நாளில் இப்படி இன்னும் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கவில்லை என்பதையும் சொன்னாள்.

நாற்பது ஊர் கிடைக்கவில்லை. சரிசெய்து மூன்று மாதம் ஓட்டிக் காட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நிரந்தர வேலையும் அவர்களோடு படியிறங்கிப் போனது. சிவசங்கர் இரண்டு நாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பாப்பாத்தியின் கை சுரைக்காய் போல வீங்கியிருந்தது. பிழைத்துக்கொள்வாள், இரண்டு விரல் மட்டும் மடங்காமல் போகலாம் என்று நர்ஸ் சொன்னார். கோகிலவாணி கட்டிலோரம் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்.

“மூணு விநாடி அழுத்தணும்னு அன்னிக்கி சொன்னேனேக்கா?”

“சொன்ன கண்ணு. அம்மாந்நேரம் அழுத்துனா காசு பூடாதா? அது ஜாஸ்தி காசு வெச்சிருக்கறவங்களுக்குன்னு நெனச்சேன். நமக்குத்தான் கூப்புட்டா திருப்பிக் கூப்புடுவாங்களே.”

அன்றே உரக்கடை மாடிக்குத் திரும்பி மூன்று விநாடியை எடுத்தாள். இப்போது ஒரு தொடுதல் போதும். உடனே இங்கிருந்து ஒரு மனிதக் குரல் திருப்பிக் கூப்பிட்டு என்ன என்று கேட்கும். லைன் கிடைக்காவிட்டால் கேட்காமலே ஜீப் கிளம்பும். திருப்பிக் கூப்பிட ஆள் வைக்கக் காசில்லை என்று சிவசங்கர் சொன்னதால், முதல் மூன்று மாதம் அந்தக் குரல் கோகிலவாணியுடையது.